நாலு பிளக்கும் என் தம்பியும்

லாரிக்கு ஸ்பார்க் பிளக் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கைபேசி வீடியோவில் தொப்பி போட்ட ஒருவன் பத்தே நிமிடத்தில் மாற்றிக் காட்டினான், நடுவில் இரண்டு தரம் இளிக்க வேறு செய்தான். நானும் மூன்று முறை பார்த்துவிட்டேன். இதற்குப் போய் ஒரு மெக்கானிக்கிடம் அரை நாள் ஸ்டூலில் காத்துக் கிடந்து, கூலியும் அழ வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

என்னிடம் இருப்பது சின்ன பெட்ரோல் லாரி. வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, பாத்திரம் பண்டங்களை ஏற்றி இறக்குவது பிழைப்பு. ஒரு வாரமாக மேடு ஏறும்போது எஞ்சின் திணறியது. இருமல்காரக் கிழவனைப் போல நாலு உதறு உதறிவிட்டுத்தான் நகரும். பிளக் போய்விட்டது என்று கண்டுபிடிக்க மேல்படிப்பு எதுவும் தேவையில்லை.

ஏன்யா, பக்கத்தில் மெக்கானிக்கே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறான். என் வாசலில் நின்று பார்த்தால் தெருக்கோடியில் தகரக்கூரை போட்ட பட்டறை தெரியும். அது என் கூடப்பிறந்த தம்பியுடையது. இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

தப்பு என்னுடையதுதான், சுற்றி வளைப்பானேன். என் மனைவி போய்ச் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் பேச ஆளில்லாமல், பார்ப்பவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். லாரிக்கு எது வந்தாலும் தம்பிதான் பார்ப்பான். ஒரு காசு வாங்கியதில்லை. நான் வேண்டுமென்றே “எவ்வளவுடா ஆச்சு?” என்று சீண்டுவேன். “உங்கிட்ட போய்க் காசு வாங்கவா? போண்ணே, போய் வேற வேலையப் பாரு” என்று விரட்டுவான்.

ஒரு நாள் காலையில் பிரேக்கைப் பார்த்துத் தருகிறேன் என்றவன், மதியம்வரை வேறு யாருடைய காருக்கோ அடியில் கிடந்தான். எனக்கு ஒரு லோடு கைநழுவிப் போனது. பட்டறையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் நோட்டுகளை எடுத்து அவன் காலடியில் வீசினேன்.

“கூலி குடுத்தாத்தான் நேரத்துக்கு வேலை நடக்கும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானடா. இந்தா, பொறுக்கிக்க.”

அவன் கையில் இருந்த கிரீசைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி என் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு பிரேக்கைச் சரி செய்து கொடுத்தான். அதற்கப்புறம் அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த இரண்டு வருடமும் பெரிய ரோட்டில் இருக்கும் இன்னொருவனிடம்தான் லாரியை விட்டேன். போன முறை பழைய பிளக்கையே துடைத்து மாட்டிவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்கிக்கொண்டான். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. சண்டை போட்டுவிட்டு வந்து சொல்லிக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் இருந்தால் சண்டை போடலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நாலு பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்படியொரு தம்பிய வெச்சுக்கிட்டு நீங்க எதுக்கு ஸ்பேனரத் தூக்கறீங்க?”

“ஏன், எனக்குக் கை இல்லையா?”

“கை இருக்கு. கூடவே கோவமும் இருக்கே. எஞ்சின் ஆறினப்புறம் கைய வைங்க சாமி.”

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பின்னால் நிழலான காலி இடம் இருக்கிறது. ஆனாலும் லாரியைத் தெருவிலேயே, பட்டறையைப் பார்த்த மாதிரி நிறுத்தினேன். அவன் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, “தள்ளுண்ணே, உனக்கெதுக்கு இந்த வேலை” என்று வந்து ஸ்பேனரைப் பிடுங்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பிளக், கூலி எல்லாம் வெளியில் சொல்லிக்கொள்ள.

ஓட்டுநர் சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின். ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு வயர், ஆக மொத்தம் நாலு கறுப்பு வயர். நாலையும் ஒரே மூச்சில் பிடுங்கிப் போட்டேன். ஒன்றைக் கழற்றி, அதை மாற்றி மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று தொப்பிக்காரன் சொல்லியிருந்தானாம். அந்த நேரம் பார்த்து நான் தெருக்கோடியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. புதுப் பிளக்குகளை முறுக்கி முடித்து நிமிர்ந்தபோதுதான் விழித்தேன். எந்த வயர் எதிலிருந்து வந்தது? நாலும் ஒரே நிறம், ஒரே அழுக்கு.

குத்துமதிப்பாக மாட்டிச் சாவியைத் திருப்பினேன். படார் என்று தெருவே அதிர ஒரு வெடி.

எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னங்க ஆச்சு? வெடி கிடி போடறீங்களா?”

“ஒண்ணுமில்லம்மா, ஏப்பம் விடுது.”

அப்போது தம்பி பட்டறை வாசலுக்கு வந்தான். இடுப்பில் கை வைத்து என் பக்கமே பார்த்தபடி நின்றான். மும்முரமாக வேலை செய்பவனைப் போல எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தலையைத் தூக்கினால் பட்டறை வாசல் காலியாகக் கிடந்தது.

நாலு வயரை இருபத்துநாலு விதமாக மாட்டலாம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீம்புக்கு ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் தெருக்கோடியைப் பார்த்தேன். எட்டாவது முறை வெடி கூட வரவில்லை. பேட்டரி செத்துவிட்டது.

படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்கத்தை விட்டுப் பட்டறைக்கு நடந்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ ஒரு பைக்கின் கார்பரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“வாங்க” என்றான்.

பேசக் கற்ற நாளிலிருந்து என்னை ‘வாண்ணே, போண்ணே’ என்றே கூப்பிட்டவன்.

“வயர மாத்தி மாட்டிட்டேன்.”

“சத்தம் கேட்டுச்சு.”

“பேட்டரியும் போயிருச்சு.”

“நீங்க முன்னால போங்க. வரேன்.”

வேறொரு பேட்டரியும் கேபிளும் எடுத்துக்கொண்டு வந்தான். வயர்களை ஒரு பார்வை பார்த்தான், மூன்றை மாற்றினான். கோணலாக ஏறியிருந்த ஒரு பிளக்கை வெளியே எடுத்து, விரலாலேயே மெதுவாகத் திருப்பி ஏற்றி, அப்புறம்தான் ஸ்பேனரைப் போட்டான். தன் பேட்டரியிலிருந்து என் பேட்டரிக்குக் கேபிளை இழுத்து மாட்டினான். நான் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“பெரியவ எப்படிடா இருக்கா?”

“காலேஜ் போறா.”

அவனுடைய மூத்த மகள், என் தோளில் ஏறி விளையாடியவள். காலேஜில் சேர்ந்ததுகூட எனக்குத் தெரியாது.

“எந்தக் காலேஜ்?” என்றேன்.

“சாவியத் திருப்புங்க” என்றான்.

ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உதறல் இல்லை, திணறல் இல்லை. “உடனே அணைச்சிராதீங்க. பேட்டரில சார்ஜ் ஏறட்டும்” என்று சொல்லிவிட்டுச் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினான். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

“அன்னிக்கு நான் பேசினது ரொம்பத் தப்புடா. அவ போன துக்கத்துல என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத.”

“பழச எதுக்குப் பேசிக்கிட்டு. விடுங்க.”

விடுங்க என்றானே! இரண்டு வருடப் பாரம் இறங்கியது போலிருந்தது. பைத்தியக்காரன் நான், அந்தச் சந்தோஷத்தில் பழைய நினைப்பு வந்து சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். “சரி, எவ்வளவுடா ஆச்சு?”

அவன் விரட்டுவான் என்று காத்திருந்தேன்.

“முந்நூறு” என்றான். “பேட்டரிக்குக் கேபிள் போட்டதும் சேத்து.”

ஐந்நூறை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டான். பையில் தேடி இரண்டு நூறுகளை எடுத்துக் கொடுத்தான்.

“இருக்கட்டும்டா, வெச்சுக்க.”

“வேணாங்க. அடுத்தவங்க காசு எனக்கெதுக்கு?”

இருநூறையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

லாரியில் ஏறி உட்கார்ந்தேன். அன்று லோடு எதுவும் இல்லை, போக ஒரு இடமும் இல்லை. பேட்டரி ஏறட்டும் என்று அவன் சொல்லியிருந்ததால், எஞ்சினை அணைக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.