சிறுத்தைத்தோல்

1938, சிகாகோ. மேற்கு ஆப்பிரிக்க அறுவடை ஆட்டத்தை நவீன நடனமாக்கி மேடையேற்ற, கறுப்பின நடன ஆசிரியை வெர்டெலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அரங்கம். திரை தூக்கப்போகும் நேரத்தில் அதன் வெள்ளைக்கார முதலாளி ஒரு மூட்டை சிறுத்தைத்தோலைக் கொண்டுவந்து போட்டார்.

"இதைக் கட்டிக்கிட்டு ஆடுங்க. இல்லேன்னா கிளம்புங்க."

"இது எங்க முப்பாட்டனுங்க வயல்ல ஆடினது, ஐயா. காட்டுமிராண்டி வேஷம் இல்ல," என்றாள் வெர்டெல்.

முரசுக்காரன் லூத்தர் வெடித்தான். "இந்தக் குளிர்ல எல்லாரும் பட்டினி கிடக்கிறோம். உன் மானத்தை வேகவச்சுத் திங்கவா, அக்கா?"

அவள் மேடையோரம் ஒதுங்கினாள். நடனக்காரர்கள் தலைகுனிந்தபடி தோலைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆட்டம் தொடங்கியதுமே கூட்டம் சிரித்தது. விதை தூவும் அசைவு வந்தபோது ஒருவன் குரங்குபோலக் கத்தினான். லூத்தரின் கைகள் முரசின்மேல் அப்படியே நின்றுவிட்டன; ஆட்டமும் நின்றது.

ஓரத்தில் நின்ற வெர்டெல் வெறுங்காலோடு, சாதாரணப் பருத்திப் பாவாடையில் மேடைக்கு வந்தாள். முரசு இல்லாமலே, கண்ணீர் வழிய, அறுவடைவரை தனியாக ஆடி முடித்தாள். சிரிப்பு அடங்கியது. ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை.

முதலாளி எல்லோரையும் பனியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"இனிமே யாருக்கா நமக்கு மேடை குடுப்பாங்க?" என்று லூத்தர் விம்மினான்.

"தெரியலடா," என்றாள் வெர்டெல்.