மாட்சாவில் எத்தனை சொட்டு ரோஜா

காய்ச்சல் விட்டுப் போனபோது வெறுங்கையோடு போகவில்லை. அவளுடைய மோப்பத்தையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், சாக்கடை ஓரமாக நடப்பதற்காவது உதவும் என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். அவளால் அப்படிச் சிரிக்க இயலவில்லை. காரணம், அவள் வேலை பார்த்த காபிக்கடையில் அவளுக்கு வழங்கிய பெயரே ‘மூக்கு’ என்பதுதான். தேயிலைப் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் அது புதியதா, பழையதா, வரும் வழியில் ஈரம் பட்டதா என்று சொல்லிவிடுவாள். பால் திரிவதற்கு முன்பே அது திரியப்போவதை அறிந்துகொள்வாள்.

“கை வேலைக்கு நூறு பேர் வருவாங்க. மூக்கு வேலைக்கு யார் வருவா?” என்று கடையின் முதலாளியம்மா, காசு கொடுக்க வரும் வாடிக்கையாளர்களிடமே பெருமை பேசுவார்.

அந்தப் பெருமையைத்தான் அவள் இப்போது ஒளித்து வைத்திருந்தாள். இல்லாத ஒன்றை ஒளித்து வைப்பது எவ்வளவு கடினம் என்பது ஒளித்தவர்களுக்கே தெரியும். மருத்துவர், “வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்கணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் முதலாளியம்மாவுக்குப் பொறுமை கிடையாது. எதிர்க்கடையில் பூ வாசனையுடன் மாட்சா லாட்டே, அதாவது பச்சைத் தேயிலைப் பொடியைப் பாலில் கலந்த பானம், விற்கத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“நம்ம கடையிலயும் வரணும், மூக்கு. அவங்களோடது குடிச்சா பூக்கடைக்குள்ள விழுந்த மாதிரி இருக்காம். நம்மளோடது அப்படி இருக்கக் கூடாது. பூ எங்கயோ தூரத்துல இருந்து எட்டிப் பாக்கணும். கடைல வெச்சுச் செஞ்சா வெளிய தெரிஞ்சுரும். உன் வீட்லயே செஞ்சு வை. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு வந்து குடிச்சுப் பாக்கறேன்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். தலையாட்டுவதற்கு மூக்கு தேவையில்லை அல்லவா?

அந்த வாரம் முழுவதும், வேலை முடிந்து வந்ததும் அவளுடைய சிறிய சமையலறை ஒரு சோதனைச்சாலையாக மாறியது. பச்சைத் தேயிலைப் பொடியை நுண்சல்லடையில் இட்டு, விரலால் மெல்லத் தட்டிச் சலித்தாள். கொதித்த நீரை உடனே ஊற்றாமல், குமிழ்கள் அடங்கும்வரை காத்திருந்தாள். சூடு மிகுந்தால் மாட்சா கசந்துவிடும். பின்பு சிறு மூங்கில் மத்தால், மணிக்கட்டு மட்டும் அசையும்படி முன்னும் பின்னும் அடித்து நுரை எழுப்பினாள். இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. கையும் கண்ணும் தங்கள் கடமையைச் சரியாகவே செய்தன. நாக்கும் கசப்பையும் இனிப்பையும் எடுத்துச் சொன்னது.

பூவுக்கு வரும்போதுதான் எல்லாம் இருட்டு. உலர்ந்த ரோஜா இதழ், உலர்ந்த மல்லிகை, லாவெண்டர் என்று மூன்றையும் தனித்தனியே சர்க்கரைப் பாகில் ஊற வைத்து வடிகட்டியிருந்தாள். எவ்வளவு நேரம் ஊறலாம், எத்தனை சொட்டு விடலாம் என்பதை வேறு யாராவது முகர்ந்து சொல்லியாக வேண்டும். இந்த ரகசியம் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான், அவளுடைய கணவர்.

நல்ல மனிதர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தாம் பிழைப்போமா என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே, “சூப்பர், அப்படித்தான், பயப்படாதீங்க, நல்லா வருது” என்று நாள் முழுவதும் சொல்வது அவருடைய தொழில். ஒருமுறை ஒருவர் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தபோதுகூட, “பரவால்ல, பிரேக் போடணும்னு தோணிச்சுல்ல? அதுதான் முக்கியம்” என்று சொன்னவர்.

“எப்படிங்க இருக்கு?” என்பாள் அவள், கோப்பையை நீட்டி.

“சூப்பர்ம்மா. நல்லா வருது.”

“பூ வாசம் தெரியுதா?”

“தெரியுது, தெரியுது.”

“கம்மியா இருக்கோ?”

அவளுடைய முகத்தில் தெரிந்த கலக்கத்தைப் பார்ப்பார். அந்தக் கலக்கம் எந்தப் பதிலுக்கு ஏங்குகிறதோ அதையே கொடுப்பார். “வேணும்னா கொஞ்சம் கூட்டிக்கலாம். தப்பில்ல.”

அவளும் கூட்டினாள். தனக்கு ஒன்றுமே தெரியாததால் எல்லோருக்கும் குறைவாகத்தான் தெரியும் என்ற எண்ணம் அவளையறியாமல் உள்ளே புகுந்திருந்தது. சனிக்கிழமை கூட்டியதன்மேல் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டினாள்.

ஞாயிறு மதிய உணவு முடிந்த வேளையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார், கணவருக்கு மூத்தவர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முடி திருத்தும் அழகு நிலையம் நடத்துபவர். அவர் நாற்காலியில் தலையைக் கொடுத்தவர்கள் முடியைக் குறைத்துக்கொண்டு, ஊர்ச் செய்தியை ஏற்றிக்கொண்டுதான் எழுவார்கள். முதலாளியம்மாவும் அங்கேதான் முடி வெட்டிக்கொள்வார். ஆகவே நாத்தனாருக்குத் தெரிவதும் முதலாளியம்மாவுக்குத் தெரிவதும் வேறு வேறல்ல என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

“என்னடா தம்பி, கீழ வரைக்கும் வாசம் வருது? யாரு ஷாம்பு பாட்டில உடைச்சது?” என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் உள்ளே வந்தார்.

கணவரின் முகம் வெளிறியது. “இல்லக்கா, அது... புது மாட்சா. குடிச்சுப் பாரேன்.”

நாத்தனார் ஒரு வாய் குடித்தார். அடுத்த கணம் கைகழுவும் தொட்டிக்கு ஓடினார்.

“ஏம்மா, இது வாயில ஊத்தறதா, தலைல ஊத்தறதா? சோப்புத் தண்ணியக் காய்ச்சி வெச்சிருக்கீங்க!”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“ஏங்க, நல்லா வருதுன்னு சொன்னீங்களே?”

“நீ அழுதுருவியோன்னு...”

“இப்ப மட்டும் சிரிக்கிறேனா?”

ஒரு வாரம் முழுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர் எல்லாத் திருப்பத்திலும் ‘நல்லா வருது’ என்று சொல்லியிருக்கிறார். மூன்று பாகும் வீண். முதலாளியம்மா வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

நாத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். “உனக்கே தெரியலையா இது? உனக்கா?”

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிக்கும் தெம்பு அவளிடம் இல்லை. முக்காலியில் அமர்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கு வாசனையே தெரியல அண்ணி. காய்ச்சல் வந்ததுலேருந்து ஒண்ணுமே தெரியல. தயவுசெஞ்சு மேடம்கிட்ட சொல்லிடாதீங்க. இந்த மூக்கு இல்லன்னா அந்தக் கடைல நான் யாரு? கோப்ப கழுவற ஆளு. அதுக்கு வேற ஆள் இருக்கு.”

நாத்தனார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எழுந்திரு. அழுதா நுரை அடங்கிரும். அந்த லாவெண்டர மொதல்ல வெளிய கொட்டு. அது எங்க கடைக்குத்தான் லாயக்கு. மத்த ரெண்டையும் புதுசாப் போடு. டேய், நீ வாயத் தொறக்காத. வெளிய போய் நில்லு.”

“நானும் ஒரு வாய் குடிச்சுப் பாத்து...”

“நீ குடிச்சுப் பாத்தது போதும்டா சாமி!”

அவள் புதிதாகப் பாகு வைத்தாள். அடுப்பை அணைத்த பிறகே இதழ்களைப் போட்டாள். நாத்தனார் கரண்டி கரண்டியாக முகர்ந்து, “இன்னும் இல்ல... இன்னும் இல்ல... போதும், வடிகட்டு” என்று சொன்ன கணத்தில் வடிகட்டினாள். பாலில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். புருவம் சுருங்கினால் நிறுத்தினாள். தன் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. பயந்து பயந்து அதிலிருந்து கண்ணை விலக்கியே பழக்கம்.

முதலாளியம்மா சொன்னபடி வந்தார். அவள் தட்டில் இரண்டு கோப்பைகளை வைத்தாள். வலப்பக்கம் ரோஜா, இடப்பக்கம் மல்லிகை. மனத்தில் மூன்று முறை சொல்லிக்கொண்டாள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. அடியில் பச்சை, மேலே வெள்ளை நுரை. கணவர், தம்மால் ஆன ஒரே உதவியாக, தட்டைத் தாமே எடுத்துச் சென்றார். கூடம் குறுகலானது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டை மேசையில் வைத்தார்.

முதலாளியம்மா முதல் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். இரண்டாவதையும் எடுத்துக் குடித்தார்.

“மூக்கு, நீ மனுஷியே இல்ல!” என்றார். “இதத்தான் கேட்டேன். எட்டிப் பாக்குது, உள்ள வர மாட்டேங்குது. ரெண்டும் பிரமாதம்.”

சமையலறை வாசலில் நின்ற நாத்தனார் மூச்சை விட்டார். அவளுக்கும் நெஞ்சிலிருந்து கல் இறங்கியதுபோல் இருந்தது.

“கடைப் பலகைல எழுதணும்ல, நீ எப்பவும் சொல்வியே, மொதல்ல என்ன வருது, அப்புறம் என்ன வருதுன்னு? அப்படிச் சொல்லு, கேப்போம்” என்று முதலாளியம்மா தம் வலப்பக்கத்துக் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

வலப்பக்கம், ரோஜா. அவள் ஒரு மிடறு அருந்தினாள். வெதுவெதுப்பு, இனிப்பு, அடிநாக்கில் சிறு கசப்பு. அதற்கு மேல் ஒரு வெட்டவெளி. ஆனால் ரோஜா எப்படி இருக்கும் என்பதை அவள் மறக்கவில்லையே! நினைவிலிருந்து எடுத்துச் சொன்னாள்.

“மொதல்ல மாட்சாவோட பச்ச வாசம், மேடம். அதுக்குப் பின்னாடி ரோஜா வருது. கொஞ்சம் தேன் மாதிரி, கடைசில லேசா ஒரு புளிப்பு...”

அழகாகத்தான் சொன்னாள். பாதியிலேயே முதலாளியம்மாவின் முகம் மாறியது.

“எதப் பாத்து ரோஜாங்கற? இது மல்லிகைல்ல?”

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு, மேசையின் மறுபக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து வைத்ததில் தட்டு திரும்பி, வலம் இடமாகியிருந்தது.

“அது வந்து மேடம்,” என்று கணவர் தொடங்கினார். நாத்தனாரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்குத் தவறிவிட்டது என்று சொன்னால் போதும். முதலாளியம்மா நம்பினாலும் நம்பிவிடுவார். அவளுக்கும் அது தெரியும். ஆனால் நாளைக்கு? அடுத்த பெட்டிக்கு? ஒவ்வொரு கோப்பைக்கும் யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது?

“எனக்குத் தெரியல மேடம்,” என்றாள். “எனக்கு எந்த வாசமும் தெரியல. காய்ச்சல்ல போயிருச்சு. இத மோந்து பாத்தது அண்ணி.”

முதலாளியம்மா தம் கையிலிருந்த மற்றக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப புதுசா வந்த பெட்டிய நல்லாருக்குன்னு சொன்னியே?”

“நிறத்தப் பாத்துச் சொன்னேன்.”

“பாலு?”

“கை வெச்சுப் பாத்து... ஒரு யூகத்துல.”

“யூகத்துல.” முதலாளியம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “காய்ச்சல் வந்தது உன் தப்பு இல்ல. ஆனா என் கடைக்கு வர்றவங்க உன்ன நம்பிக் குடிக்கறாங்க. நானும் வாயத் தொறந்தா மூக்கு, மூக்குன்னு உன்னத்தான் சொல்லிட்டு இருக்கேன். என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையா?”

“பயமா இருந்துச்சு மேடம்.”

“இப்ப எனக்குப் பயமா இருக்கு.” அவர் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். “நாளைக்குப் பானம் கலக்கற இடத்துல நிக்காத.”

“எங்க நிக்கட்டும், மேடம்?”

முதலாளியம்மா வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “கடைக்கு வா. எங்கன்னு எனக்கே தெரியல. வா, பாக்கலாம்.”

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது. கணவர் தட்டைச் சரியான பக்கம் திருப்பி வைத்தார். அவருடைய தொழிலில் இதற்கான வாக்கியம் இல்லை.

நாத்தனார் மேசை அருகே வந்தமர்ந்து, ஆறிப்போன கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“எனக்கு உன்ன மாதிரிச் சொல்ல வராது,” என்றார், குரலைத் தாழ்த்தி. “துவைச்ச துண்ட வெயில்ல போட்டு எடுத்தா ஒண்ணு வரும்ல, மொதல்ல அது. அப்புறம், மல்லிகைச் செடி இருக்கற வீட்டத் தாண்டி வேகமா நடந்து போறப்ப வருமே, திரும்பிப் பாக்கறதுக்குள்ள போயிரும், அது.”

அவள் கோப்பையை வாங்கி உதட்டில் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மூச்சை இழுத்தாள். இனிப்பு இருந்தது. கசப்பு இருந்தது.

“இன்னொரு தடவ சொல்லுங்க, அண்ணி,” என்றாள்.