முன்வரிசையின் வலப்பக்கம்

மாஸ்டர் இருபத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வலது எது, இடது எது என்று சரியாகக் காட்டுவார்கள். காட்டாத ஒரே ஆள் அவர் மனைவி. அது மட்டும் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. வாய் வலது என்று சொல்லும், கை இடப்பக்கம் நீளும்.

அவள் போய் இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து மாஸ்டர் காரைத் தொடவில்லை, இடித்த புளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெறும் துக்கமென்றால் அழுதாவது தீர்த்திருப்பார். அதற்குள் ஒரு முள் கிடந்தது. அவள் போவதற்கு இரண்டு நாள் முன்பு, தெரிந்தவர் வீட்டைத் தேடிப் போகையில், வழக்கம்போல வாய் ஒன்று சொல்லிக் கை ஒன்று காட்டினாள். இவர் வாயை நம்பித் திரும்பி, அரைமணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றினார்கள்.

"முப்பது வருஷமா ஒரு கையைக் கத்துக்க முடியல. உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எங்க போய்ச் சேர்றது?" என்று கத்தினார்.

எப்போதும் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. பெரிய சண்டையென்றால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள். இந்தச் சின்னச் சள்ளை அப்படியே நின்றுவிட்டது.

ஒரு நாள் விடிந்ததும் மச்சினி வந்து நின்றாள்.

"அத்தான், நூலக மாடிக் கூடத்தோட சாவி அக்காகிட்ட இருந்துச்சு. அக்காவோட உடற்பயிற்சிக்கு வர்றவங்க தினம் காவலாளியைத் தேடி அலையறாங்க. நீங்களே குடுத்துட்டு வந்துருங்க."

"நீயே குடுத்துரேன்."

"அக்கா பொறுப்பா வச்சிருந்தது. உங்க கையால குடுங்க."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் அக்காளும் தங்கையும் ஒன்றுதான். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த காலோடு திரும்பிவிடுவது என்று மாஸ்டர் மச்சினியையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார்.

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் மூட்டு வலிக்காரர்கள், மீதிப்பேர் வீட்டில் தனியாக இருக்க முடியாதவர்கள். கையை மெல்ல உயர்த்துவது, மெல்லத் திரும்புவது, மூச்சு விடுவது, அவ்வளவுதான் பயிற்சி. சொல்லித்தருபவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா. அவர் சாவிக்குக் கை நீட்டவில்லை.

"பத்து நிமிஷம் நில்லுங்க மாஸ்டர். அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று முன்வரிசையின் இடது ஓரத்தைக் காட்டினார். அந்த ஓரம் மட்டும் காலியாக இருந்தது.

கையை உயர்த்தியபோது மாஸ்டரின் தோள்பட்டை துருப்பிடித்த கதவாக முனகியது. ஆனாலும் மூச்சு கொஞ்சம் ஆழமாகப் போனது. இரண்டு மாதமாக அவ்வளவு ஆழத்துக்குப் போகாத மூச்சு.

"அப்படியே மெதுவா வலப்பக்கம்" என்றார் நர்ஸம்மா.

மாஸ்டர் வலப்பக்கம் திரும்பினார். எதிரே இருபது முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன. கூடம் முழுக்க இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அவருக்குள் இருந்த ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. "வலதுன்னுதானே சொன்னாங்க? ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் கையைக் கீழே போடாமலே சொன்னார்: "எங்களுக்கு வலது இதுதான் மாஸ்டர். இந்த இடத்துல, முன்னால நின்னது உங்க வீட்டம்மா. அவங்களைப் பார்த்துத்தான் நாங்க கத்துக்கிட்டோம்."

"அவங்க போனப்புறம் மாத்திப் பார்த்தேன்," என்றார் நர்ஸம்மா. "ரெண்டு நாள் சரியாத் திரும்பினாங்க. கூடமே வெறிச்சுனு ஆயிருச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்."

மாஸ்டர் சொல்ல நினைக்காதது தானாக வெளியே வந்தது.

"கடைசியா இதுக்குத்தாங்க அவளைத் திட்டினேன். கார்ல. அதுக்கப்புறம் அவ சிரிக்கவே இல்ல."

"யார் சொன்னா?" என்றார் பேக்கரிக்காரர். "மறுநாள் இங்க வந்து, நீங்க கத்தினதை அப்படியே நடிச்சுக் காட்டினாங்க. அந்த மூக்கு விடைக்கிறது உட்பட. சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறே வலிச்சுப்போச்சு."

"கார்லயே சிரிப்பு வந்துருச்சாம்," என்றார் நர்ஸம்மா. "சிரிச்சா இன்னும் கோபப்படுவீங்கன்னு ஜன்னலைப் பார்த்துக்கிட்டாங்களாம். 'வழி தப்பினா என்ன, அரைமணி நேரம் கூடுதலா அவர் பக்கத்துல உக்காந்திருந்தேன்'னு சொன்னாங்க."

மாஸ்டருக்கு மூக்கு விடைத்தது. இந்தத் தடவை கோபத்தால் அல்ல. இருபது பேருக்கு முன்னால் குழந்தை மாதிரி அழுதார். யாரும் ஓடிவந்து தேற்றவில்லை. நீட்டிய கைகளை மெல்லக் கீழே இறக்கிக் காத்திருந்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் அவர் முதுகில் கைவைத்து, எடுக்காமல் நின்றார்.

அழுகை அடங்கியதும் நர்ஸம்மா பழைய குரலிலேயே சொன்னார்: "வலப்பக்கம்."

கூடம் திரும்பியது. மாஸ்டரும் கூடத்தோடு சேர்ந்தே திரும்பினார். எதிரே ஜன்னல் இருந்தது, அவள் தினமும் பார்த்த ஜன்னல்.

பயிற்சி முடிந்தும் சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. நர்ஸம்மா கேட்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கணும்?" என்று மாஸ்டர்தான் கேட்டார்.

கீழே காரில் மச்சினி காத்திருந்தாள். தெருமுனையில் மாஸ்டர் இடப்பக்கம் விளக்கைப் போட்டார்.

"அத்தான், வீடு வலப்பக்கம்."

"தெரியும்மா," என்றார் மாஸ்டர், இடப்பக்கம் திருப்பிக்கொண்டே. "கொஞ்சம் சுத்திட்டுப் போவோம்."