பஸ்லாமின் கால்

ஹாஜி அம்மாரின் குடும்பத்துக்கு ஊரில் இருந்த மரியாதை முழுவதும் ஒரு செம்பாறையின் மேல் நின்றது. அட்லஸ் மலையின் அடிவாரத்தில், ஓடைக்கரையில் சரிந்து கிடக்கும் பாறை அது. ரொட்டி சுடும் கல்லைவிட அகலமான நாற்பது காலடிகள் அதில் பதிந்திருந்தன. எல்லாம் மூதாதை பஸ்லாம் பதித்தவை. மலை இன்னும் களிமண்ணாக இருந்த காலத்தில் அந்த வழியாகப் போனாராம். நாலு கால் தடம் தெரிகிறதே என்று கேட்டவர்களுக்கு, பின்னால் அவருடைய கோவேறு கழுதை வந்தது என்று பதில் இருந்தது. கழுதையின் காலும் ஏன் அத்தனை பெரிசு என்று கேட்ட ஒருவனுக்கு அந்த வீட்டில் அதன்பிறகு தேநீர் கிடைக்கவில்லை.

மராக்கெஷிலிருந்து பேராசிரியை நஜாத் வந்து மூன்று வாரம் பாறையை அளந்தார். ஹாஜி தினமும் பார்லி ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கொடுத்தனுப்பினார். முன்னோரின் காலை அளக்க வந்தவர் பட்டினி கிடந்தால் யாருக்கு அவமானம்? அளந்து முடித்ததும் நஜாத், இவை சௌரோபாட் தடங்கள், ஊராட்சி இங்கே ஒரு பலகை வைக்கப் போகிறது என்றார். அந்தச் சொல் வெளிநாட்டு மந்திரியின் பட்டம் போலக் கனமாக ஒலித்தது. ஹாஜிக்குப் பிடித்துப்போயிற்று. செவ்வாய்ச் சந்தையில் இருபது பேரிடமாவது, எங்கள் பாட்டனார் சௌரோபாட்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

அடுத்த செவ்வாய் அவருடைய தங்கை கணவர், மாவு மில் வைத்திருக்கும் ஹத்து, செருப்புக் கடையில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"வாங்க மச்சான். உங்களுக்குத்தான் அளவு சொல்லிட்டிருந்தேன். பல்லிக்கால்னா அஞ்சு விரலையும் விரிச்சு வச்சுத் தைக்கணுமாமே."

காஸாபிளாங்காவில் படிக்கும் மகனிடம் போனில் விசாரித்திருந்தார். கிரேக்க மொழியில் சௌரோ என்றால் பல்லி, பாட் என்றால் கால் என்று சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் விளக்கினார். செருப்புத் தைப்பவர் வாயிலிருந்த நூலோடு சிரிப்பையும் சேர்த்துக் கடித்துக்கொண்டார். ஹாஜி முதுகு வளையாமல் கழுதை கட்டிய இடம்வரை நடந்தார். பின்னாலிருந்து யாரோ பல்லி மாதிரிச் சத்தம் கொடுத்தான்.

வியாழக்கிழமை பலகை வருகிறது. அந்தச் சொல் அதில் ஏறிவிட்டால் கொள்ளுப்பேரன் காலம்வரை அவர்கள் பல்லிக்கால் வீட்டார்தான். ஹாஜி நேராக ஓடைக்கரையில் நஜாத் போட்டிருந்த கூடாரத்துக்குப் போனார்.

"அந்தச் சொல்லை எடுத்துடும்மா."

எடுக்க முடியாது, உலகம் முழுக்க அதுதான் வழக்கு என்றார் நஜாத். கழுத்து நீண்ட, மலை மாதிரி வளர்ந்த, இலைதழை மட்டுமே தின்ற ஒரு கூட்டம் முழுவதற்கும் அது பொதுப்பெயர்; ஒரு மிருகத்தின் பெயர் அல்ல. யார் வைத்தது என்று ஹாஜி கேட்டார். ஏறக்குறைய நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஒருவர்.

"அவரு இந்தப் பாறையைப் பார்த்தாரா?"

"இல்ல ஹாஜி."

"அதுங்க கால் பல்லிக்கால் மாதிரியா இருந்துச்சு?"

நஜாத் தயங்கினார். "பல்லி மாதிரி அஞ்சு விரல் இருந்துச்சுன்னு அப்படி வச்சுட்டாங்க. பார்த்தா யானைக்கால்தான். தூண் மாதிரி."

"பொருந்தலைன்னு தெரிஞ்சும் ஏன் மாத்தல?"

"முதல்ல வச்ச பேருதான் நிக்கும். அது எங்க விதி."

ஹாஜி எழுந்து ஜெல்லாபா அங்கியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "அப்ப எழுதிக்கோ. இந்தக் காலுக்கு எங்க வீட்டுல பஸ்லாம்னு பேரு வச்சு நானூறு வருசமாச்சு. உங்க அமெரிக்காக்காரர் பின்னாடி வந்தவர்."

நஜாத் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். சாயங்காலம் ஊராட்சிக்குப் போன் செய்தார்.

ஊரார் பஸ்லாமின் காலடி என்று அழைக்கும் சௌரோபாட் தடங்கள் இவை என்று பலகையில் எழுதும்படி அவர் சொன்னது ஒரு முழு வாக்கியம். பலகை எழுதுகிறவருக்கு இடம் போதவில்லை. வியாழக்கிழமை துணியை விலக்கியபோது, மேலே பெரிதாக 'பஸ்லாம்' என்று இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக 'சௌரோபாட்'. வைத்தியர் வீட்டு வாசலில் பெயரும் படிப்பும் போட்டதுபோல இருந்தது. ஹத்து அதை இரண்டு தரம் உரக்கப் படித்தார். கூட்டம் முழுவதும் ஹாஜியின் முகத்தைப் பார்த்தது.

ஹாஜி நஜாத்தின் பக்கம் திரும்பினார். தரையில் இதைவிடப் பெரிய உயிர் வேறு ஏதாவது நடமாடியதுண்டா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். இல்லை என்றார் நஜாத். யாரையாவது அடித்துத் தின்றதா? அதுவும் இல்லை.

"கேட்டுக்கிட்டீங்களா மாப்பிள்ளை? எங்காளு அத்தனை பெரிய உடம்பை வச்சுக்கிட்டு யார் வயித்துலயும் அடிச்சதில்ல."

மாவு மில்லில் எடைக்குறைவு பார்த்துப் பழகிய ஊர் அது. முதலில் சிரித்தவர் ஊராட்சித் தலைவர்தான்.

வசந்தத்துக்குள் வெளியூர்க் கார்கள் வர ஆரம்பித்தன. ஒரு மழைக்குப் பிறகு மில்லுக்குப் பின்னால் மண் சரிந்து, அங்கேயும் ஆறு தடங்கள் தெரிந்தன. ஹத்து, விருந்துக்குக் கொண்டுபோகும் கூம்புச் சர்க்கரைக் கட்டி ஒன்றோடு ஹாஜி வீட்டுக்கு வந்து, தேநீர் ஆறும்வரை வானிலை பேசினார். அப்புறம் மெதுவாக, தானும் ஒரு பலகை வைத்து அதில் சௌரோபாட் என்று போட்டுக்கொள்ளலாமா, அது பொதுப்பெயர்தானே என்றார்.

"பொண்ணு குடுத்தோம் மாப்பிள்ளை, இல்லேங்கல. பேரைக் குடுக்க முடியாது."

"பாதியாவது குடுங்க மச்சான்."

ஹாஜி சர்க்கரைக் கட்டியில் ஒரு துண்டை உடைத்து ஹத்துவின் கோப்பையில் போட்டார்.

"சரி. பல்லியை நீங்க எடுத்துக்கோங்க. காலு எங்களோடது."