அண்ணனுக்கும் ஒரு கட்டில்

மேற்குக் கரையை வெட்டினால் மிஷன் ஆஸ்பத்திரி மூழ்கும். வெட்டாவிட்டால் கிழக்குக் கரை தானே உடைந்து கடைவீதி மூழ்கும். ஆற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். கிழக்கே ஆட்கள் மேட்டில் ஏறிவிட்டார்கள்; மிச்சம் வீடுகளும் சரக்கும். சரக்கில் பெரும்பங்கு உப்பு. உப்புக் கிடங்கு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. உப்பும் வெள்ளமும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அண்ணன் கூலியாட்களோடு கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் படகில் மேற்குக் கரைக்கு வந்திறங்கினான். தம்பியை மட்டும் முன்னால் அனுப்பினான்.

"உன் பொண்டாட்டிய வெளிய தூக்கிட்டு வந்துரு. அப்புறம் வெட்டுறோம். உனக்கு என்னைக்காவது குறை வச்சிருக்கேனா?"

தம்பியின் மனைவி, சுவர் இடிந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலுக்கு இருவர், கட்டிலடியில் ஒருவர். ஜெபக்கூடத்து பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வயிற்றுப்போக்குக் குழந்தைகளைப் படுக்கவைத்திருந்தார்கள். தம்பி கிடங்கிலிருந்து அனுப்பியிருந்த உப்பைச் சர்க்கரை நீரில் கலக்கி அவர்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவியின் காலில் கட்டிய கயிறு கட்டில் முனையைத் தாண்டி இறங்க, அதில் மணல் பை தொங்கியது.

"மதர், இவளைக் கொண்டுபோலாமா?"

ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியாஸ்திரி டாக்டரை எல்லோரும் மதர் என்றுதான் கூப்பிடுவார்கள். "அசைச்சா எலும்பு ரத்தக்குழாயை அறுத்துரும்" என்றார்.

"மெதுவா அசைச்சா?"

"மெதுவாச் சாவா."

மதர் முதல் விலையிலேயே நிற்கிற ஆள்.

"என்ன முழிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "எனக்கொரு சேலை எடுக்கணும்னா அரை நாள் பேரம் பேசுவீங்க. போய் உங்க அண்ணன்கிட்ட பேசுங்க."

அவன் கரைக்கு ஓடியபோது பேச்சுக்கு இடமில்லை. ஆஸ்பத்திரிச் சமையல்காரர், வார்டு ஆட்கள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கையில் சிக்கிய துடுப்பு, கட்டில் சட்டம், டிரிப் ஸ்டாண்டோடு கரையேறியிருந்தார்கள். டிரிப் ஸ்டாண்டு ஒரு கூலியாளின் மண்டையில் இறங்கியது. அவன் காது பாதி கிழிந்து தொங்கியது. சமையல்காரரின் முழங்கையை மண்வெட்டி எலும்புவரை பிளந்தது. மழையில் ரத்தம் நிற்காமல் ஓடியது.

"அண்ணே, அவளை அசைக்க முடியாது. உள்ள இருக்கிற எல்லாருமே அப்படித்தான். நிறுத்து."

"கிடங்கு போனா நாம ரெண்டு பேரும் தெருவுல நிப்போம்டா."

"என் பங்கை நீயே வச்சுக்க."

"கரையப்போற உப்புல பங்கு குடுக்கிறியா? யார்கிட்ட வித்தை காட்டுற?"

"சாயங்காலம் வரைக்கும் பொறு."

"தண்ணிகிட்ட சொல்லு."

பேரம் படியவில்லை. அண்ணன் திரும்பிக் கடப்பாரையைக் கரைக்குள் இறக்கி நெம்பினான். விரல் பருமனில் நீர் மறுபுறம் எட்டிப்பார்த்தது.

தம்பி கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்து, பின்பக்கத்தால், இரண்டு கையாலும் ஓங்கி அண்ணனின் முழங்காலுக்குக் கீழே அடித்தான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அண்ணன் தான் தோண்டிய பள்ளத்திலேயே முகங்குப்புற விழுந்தான்.

கூலியாட்களின் மேஸ்திரி விட்ட குத்தில் தம்பியின் முன்பற்கள் போயின. யாரோ விலாவில் ஏறி மிதித்தார்கள். ரத்தத்தைத் துப்பிவிட்டு, கடையில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவன் பேசினான்.

"அடிங்க. அவரை எங்க கொண்டுபோவீங்கன்னு மட்டும் சொல்லிட்டு அடிங்க. அக்கரையில மாட்டு டாக்டர்கூட மேட்டுக்குப் போயாச்சு. இங்கதான் படுக்க வைக்கணும். வச்சிட்டு வெட்டுங்க. உங்க முதலாளி முங்கினப்புறம் கூலி கேட்டு என்கிட்ட வராதீங்க."

மேஸ்திரியின் தூக்கிய கால் அப்படியே நின்றது.

"தூக்குங்கடா, ரத்தம் போயிட்டிருக்கு" என்றார் சமையல்காரர், தன் கையைப் பிடித்துக்கொண்டே.

தூக்கினார்கள். மண் மூட்டைகளைப் பள்ளத்தில் திணித்து, ஏறி மிதித்து அடைத்தார்கள். பின்னாலேயே இன்னொரு படகு கரை வெட்ட வந்தது. முதலில் இறங்கியவனின் தாடையை மேஸ்திரி உடைத்து ஆற்றில் தள்ளினார். அடுத்தவன் படகைத் திருப்பச் சொன்னான்.

மயக்க மருந்து தீர்ந்துபோயிருந்தது. நான்கு பேர் அண்ணனை அமுக்கினார்கள். தலையைத் தம்பி பிடித்தான். மதர் காலை இழுத்து நேராக்கினார். அண்ணன் தம்பியின் முன்கையைக் கவ்வினான். பல் சதையில் இறங்கியபோது அக்கரையில் பெரிய இரைச்சல் கேட்டது. கிழக்குக் கரை போய்விட்டது. அண்ணன் இன்னும் ஆழமாகக் கடித்தான்.

பிறகு வாயை எடுத்துவிட்டுச் சொன்னான்: "கால் கூடட்டும். உன்னைக் கொல்லாம விடமாட்டேன்."

"கூடுறதுக்கு எவ்வளவு நாளாகும், மதர்?"

"மூணு மாசம்."

"கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க" என்றான் தம்பி, பல் போன வாயால்.

மதர் சிரிக்கவில்லை. "எலும்புல சேறு பட்டிருக்கு. கால் தங்குமான்னே ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்."

அண்ணன் கையை நீட்டினான். அடிக்கத்தான் என்று தம்பி குனிந்து முகத்தைக் கொடுத்தான். அண்ணன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். பிறகு விடவே இல்லை.