தலைவரின் ரத்தப் பிரிவு

அவசரப் பிரிவின் வாசலில் அன்று இருந்தவர்கள்: கதவை ஒட்டிய நாற்காலியில் தலைவர் ஆதிகேசவனின் மகள் அகிலா. எதிர் பெஞ்சுகளில் பொருளாளர் நமச்சிவாயமும் எங்கள் நெசவாளர் சங்கத்து ஓ குரூப்காரர்கள் பதினோரு பேரும், சட்டைக் கையை மடித்துவிட்டபடி. தண்ணீர்க் குழாய் ஓரம், ரத்ததானப் பதிவேட்டோடு செயலாளராகிய நான்.

செவிலிமேட்டில் லாரி மோதித் தலைவரின் தொடை நசுங்கியிருந்தது.

நர்ஸ் எஸ்தர் வெளியே வந்தார். "சிவப்பணு போதும்பா. ஏத்த ஏத்த ரத்தம் நீர்த்துக்கினே போவுது, உறையல. பிளாஸ்மா வேணும்."

"எங்ககிட்ட எடுத்துக்கோம்மா. ஓ எல்லாருக்கும் சேரும்," என்றார் நமச்சிவாயம்.

"சிவப்பணு சேரும். பிளாஸ்மா அப்படியே தலைகீழ். சாரு ஏபி. ஏபி பிளாஸ்மாதான் ஏத்தணும்."

நான் பதிவேட்டைத் திறந்தேன். பதிவேட்டின் முதல் பெயரே ஆதிகேசவன், ஓ. பரிசோதித்து எழுதியதல்ல, "நம்ம குடும்பமே ஓ" என்று அவர் சொல்ல, நான் எழுதியது. முகாம்களில் அவர் மேடையேறிச் சால்வை போர்த்துவார். ஊசிக்குக் கை நீட்டியதில்லை.

"இங்க இருந்த ரெண்டு பையும் ஏத்தியாச்சு. வேற ரத்த வங்கியில இருக்குது. பதிலுக்கு ஏபி ஆள் வந்தா உடனே தருவாங்க. உங்க நோட்டுல பாருங்க. சீக்கிரம்!"

நோட்டில் ஓர் ஏபியும் இல்லை. 'ஏபி ரத்தம் ஏபிக்கு மட்டும்தான் ஆகும், வேண்டாம்' என்பது தலைவர் போட்ட விதி. போன வருடம் முகாமில் அப்படித் திருப்பி அனுப்பிய, கூரம் கிராமத்து ஜெபகுமார் நினைவுக்கு வந்தார். ஏ.சி. மெக்கானிக். அந்த முகாமில் பெயர் பதிந்த அகிலாவிடம் எண் இருந்தது; உடனே அழைத்தாள்.

அரை மணியில் வந்துவிட்டார். "இன்னா சார், இந்த வாட்டியாவது எடுப்பீங்களா, இல்ல பிஸ்கட் குடுத்து ரிட்டனா?"

"அப்பாவுக்குண்ணா," என்றாள் அகிலா.

"தெரியும்மா. எங்க படுக்கணும், சொல்லு."

பைகள் வந்தன. மாலைக்குள் ரத்தம் நின்றது.

ஐந்தாம் நாள் தலைவர் படுத்தபடியே உத்தரவிட்டார். "பதினோரு பேருக்கும் சால்வை. ஜெபகுமாருக்கு ஒரு நன்றிக் கடிதம் போதும்பா. என் குரூப்பை மட்டும் எழுதாத."

"ஏன்பா?" என்றாள் அகிலா. "ஏபி வேண்டாம்னு விதி போட்டவனே நான்தானே," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சொன்னபடியே எழுதினேன். காரணம் இல்லாத நன்றி அரைகுறையாகப்பட்டதால், கீழே சேர்த்தேன்: 'தலைவரும் ஏபி. அடுத்த முகாம் முதல் ஏபி ரத்தமும் பெறப்படும்.' தலைவர் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்திட்டார். என் மனம் மாறுவதற்குள் உறையை ஒட்டி, சங்க முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.