ஃபேக்ஸ் கட்டம்

பாளையங்கோட்டையில் அந்த ரத்த வங்கிக் கணினியிலிருந்து ஃபேக்ஸ் கட்டத்தைத் தூக்கியவன் நான்தான். பெயர் ஜெபஸ்டின். தொழில், நன்றாக ஓடுகிற கணினிகளை மாற்றுவது.

இருபது வருடமாக அங்கே கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பொறுப்பாளர் பிரம்மநாயகி அக்கா பார்க்காமலே நாலு தட்டு தட்டுவார். ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் வந்து நிற்கும். நான் மவுஸ், கலர் பட்டன், துடிக்கிற இதயப் படம் எல்லாம் வைத்துக் கொடுத்தேன். நாலு தட்டு பதினோரு கிளிக் ஆனது. இதயம் துடித்து முடிக்கும்வரை அக்கா காத்திருப்பார்.

பழைய விவரங்களைப் புதியதற்கு மாற்றும்போது 'ஃபேக்ஸ் எண்' என்றொரு கட்டம் வந்தது. களக்காட்டு வாழை விவசாயிக்கு எதற்கு ஃபேக்ஸ் என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. பழைய கணினிப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லி அக்காவை மூன்று தடவை நச்சரிக்கவும் செய்தேன்.

மூன்றாவது வாரம் என் மனைவி ஜாய்சிக்கு சிசேரியன் என்று முடிவானது. மாலை ஐந்து மணிக்கு. அவளுக்கு ஓ நெகட்டிவ். வங்கியின் கையிருப்பில் ஒரு பை ரத்தம்தான் இருந்தது. இன்னொன்று இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார் டாக்டர்.

காலை ஒன்பது மணிக்கு என் திரை ஐந்து பேரை அழகாகக் காட்டியது. மூன்று பேர் வளைகுடாவில். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மிச்சம் களக்காடு பூதத்தான். ஏழு தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. திரையில் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அக்கா எழுந்து சாமான் அறைக்குப் போனார். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, பழைய சேலை போர்த்தியபடி அந்தப் பெட்டி.

"காயலான் கடைக்காரர் வரல தம்பி. நானும் கூப்பிடல."

நாலு தட்டு. ஃபேக்ஸ் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது: 'போனை வீட்டில் போட்டுவிட்டு வாழைக்குப் போய்விடுவார். சுடலைவடிவு டீக்கடைக்கு அடிக்கவும்.' பக்கத்தில் கடையின் எண்.

"இங்கன ஆரு ஃபேக்ஸ் வச்சிருக்கா? கட்டம் சும்மா கெடந்துச்சு. ஆளு எங்கன இருப்பாவன்னு எழுதிக்கிட்டோம்."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீய?"

அக்கா அந்த எண்ணுக்கு அடித்தார். டீக்கடையை விட்டுவிட்டு சுடலைவடிவே வரப்பில் நடந்து போய்ச் சொல்லியிருக்கிறார். பதினோரு மணிக்குக் காலில் சேற்றோடு பைக்கில் வந்து இறங்கினார் பூதத்தான்.

"ஃபேக்ஸ் வந்துருக்குன்னு சொன்னாவ. ஆருக்கு வே ரத்தம்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசிக்குப் பயந்தவன் என்று நினைத்து எனக்குத் தைரியம் சொன்னார்.

பரிசோதனை முடிந்து மூன்றரைக்குப் பை கிடைத்தது. ஐந்தேகாலுக்கு என் மகள் வந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

அடுத்த வாரம் இதயத்தை எடுத்துவிட்டு ஃபேக்ஸ் கட்டத்தைத் திருப்பி வைத்தேன், உள்ளிருந்த ஒவ்வொரு வரியோடும். என்ன பெயர் வைக்கட்டும் என்று இந்தத் தடவை கேட்டேன். அதே பெயர் இருக்கட்டும் என்றார் அக்கா.

அன்றே நானும் ரத்தம் கொடுக்கப் பெயர் பதிந்தேன். என் ஃபேக்ஸ் கட்டத்தை அக்காவே நிரப்பினார்: 'சொன்னால் கேட்பார். கேட்காவிட்டால் ஜாய்சிக்கு அடிக்கவும்.'